சுகுணா டீச்சரின் ஆன்லைன் டாக்டர் பட்டமும் நான் எழுதிய மூன்று வரிகளும்

டாக்டர் பட்டச் சான்றிதழை ஒருவர் இரண்டு கையாலும் பவ்யமாக நீட்டினால் எனக்குச் சந்தேகம் வரும். ஒரு கையால் அலட்சியமாக நீட்டினாலும் வரும். மொத்தத்தில் வரும், அவ்வளவுதான். நம் அறக்கட்டளையின் ஐந்து பள்ளிகளுக்கும் வருகிற ஆசிரியர்களின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதுதான் இருபத்தாறு வருடம் எனக்குச் சோறு போட்டது. திருத்தணி அலுவலகத்தில் என் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அப்படிக் கூப்பிட்டார்கள். அதை முதலில் ஆரம்பித்தது யார் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

நான் ஒருவன் பார்த்த வேலையை இப்போது உங்கள் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்களாம். சந்தோஷம். அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டீர்கள். முத்திரையை எப்படிப் பார்ப்பது, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்பதெல்லாம் இரும்பு பீரோவில் நீலக் கோப்பில் இருக்கிறது. அதைப் படித்துக்கொள்ளுங்கள். கோப்பில் இல்லாத ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். அது என் தவறு. கோப்பில் அதை வைக்காததும் நான்தான்.

முதலில் நான் கெட்டிக்காரனாக இருந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் மற்றது புரியாது.

வீட்டில் இருந்தபடியே கணினியில் படித்து வாங்குகிற டாக்டர் பட்டம் நம் நாட்டில் அரசு வேலைக்கோ கல்லூரி வேலைக்கோ செல்லாது. ஆனால் தனியார் பள்ளி நிர்வாகம் விரும்பினால் அதை ஒரு தகுதியாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்வது என் தலையில் விடிந்தது. ஒருமுறை முதல்வர் வேலைக்கு ஒருவர் வந்தார். மேலாண்மையில் ஆன்லைன் டாக்டர் பட்டம். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டே கொண்டுவந்திருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"ஆராய்ச்சி பண்ணும்போது எந்த இடத்துல மாட்டிக்கிட்டு முழிச்சீங்க சார்?"

"அப்படி எதுவும் இல்லையே. எல்லாம் ஸ்மூத்தா போச்சு" என்றார்.

கோப்பை அங்கேயே மூடிவிட்டேன். உண்மையில் ஆராய்ச்சி செய்தவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அரை மணி நேரம் புலம்புவார். வழிகாட்டியைத் திட்டுவார், தன்னைத் திட்டுவார், கண் கலங்கினாலும் கலங்குவார். விசாரித்தபோது அந்தப் பல்கலைக்கழகம் ஏதோ ஒரு ஊரில் வாடகைக்கு எடுத்த தபால் பெட்டி என்று தெரிந்தது. தாளாளர் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார். எனக்குத் தலைக்கனம் ஏறியது அன்றைக்குத்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் அப்படி ஒரு படிப்பில் சேர்ந்தவன். மேலாண்மையில்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், நல்ல பெயர் உள்ளது. இரண்டாவது அத்தியாயம் எழுதி அனுப்பினேன். வழிகாட்டியான அம்மாள் திரையில் வந்து, "நீங்கள் எழுதியது எல்லாம் சரி, இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரமும் தெரியவில்லை. அதோடு விட்டுவிட்டேன். படிப்பே மோசடி என்று வீட்டில் சொன்னேன். மோசடி இல்லை. எனக்கு வரவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சுகுணா டீச்சர் நம் பொதட்டூர்பேட்டைப் பள்ளியின் துணை முதல்வர். பிறந்தது அம்மையார்குப்பம், வாழ்க்கைப்பட்டது பொதட்டூர்பேட்டை. இரண்டு பக்கமும் தறிக் குடும்பம், வீட்டில் பேசுவது தெலுங்கு. கணவர் முனிரத்தினம் வீட்டின் பின்கட்டில் நான்கு விசைத்தறி வைத்து லுங்கி நெய்கிறார். டீச்சர் கல்வியியலில் ஆன்லைன் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. கூட்டத்துக்காகத் திருத்தணிக்கு வரும்போதெல்லாம் பஸ்ஸில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பாடம் கேட்டபடியே வருவார் என்று மற்ற டீச்சர்கள் சொல்வார்கள். பாட்டு கேட்கிறார் என்று நான் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

அவருடைய ஆராய்ச்சி பெற்றோர் கூட்டத்தைப் பற்றியது. தறி வீட்டுப் பெற்றோர் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டால் வருவதில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் படிப்பில் அக்கறை இல்லை என்று எல்லாப் பள்ளிகளும் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கின்றன. டீச்சர் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார். தறியில் ஏற்றிய நீள நூல், அதாவது பாவு, தீர்ந்தால் புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் பழைய இழையோடு கையால் முடிய வேண்டும். அதற்குப் பாவு பிணைக்கிறது என்று பெயர். ஆயிரக்கணக்கான இழை. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தால்தான் முடியும், பாதியில் எழுந்தால் தறி நிற்கும். அந்த நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைத் தவிர்த்துக் கூட்டம் வைத்த பள்ளிக்குப் பெற்றோர் வந்தார்கள், கேட்காமல் வைத்த பள்ளிக்கு வரவில்லை. இதுதான் அவர் கண்டுபிடித்தது. கேட்டபோது, இதற்கு ஒரு டாக்டர் பட்டமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்தச் சமயத்தில் அறக்கட்டளை ஐந்து பள்ளிகளுக்கும் சேர்த்துக் கல்வி இயக்குநர் என்று ஒரு பதவியை உண்டாக்கியது. டாக்டர் பட்டம் வேண்டும், பள்ளி திறப்பதற்குள் கையில் இருக்க வேண்டும் என்றார் தாளாளர். உள்ளே இருந்து சுகுணா டீச்சர், வெளியில் இருந்து இன்னொருவர். டீச்சருக்குப் பாக்கி இருந்தது வாய்மொழித் தேர்வு மட்டும்தான். அதையும் வீட்டில் இருந்தபடி திரையிலேயே முடித்துவிடலாம். ஒரு நிபந்தனை உண்டு. வேலை செய்கிற இடத்திலிருந்து ஒரு அதிகாரி சாட்சியாக அதே அறையில் உட்கார்ந்து, வேறு யாரும் உதவவில்லை என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தேர்வு முடிந்த அரை மணி நேரத்தில் அதைப் படம் எடுத்து அனுப்பிவிட வேண்டும்.

"நீங்க போங்க சார். நீங்க போனா ஈ எறும்புகூட உதவி பண்ண முடியாது" என்றார் தாளாளர். எனக்குப் பெருமையாக இருந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு அந்தத் தெருவில் இறங்கி நடந்தேன். பொதட்டூர்பேட்டையில் வேலை நாளில் தறிச் சத்தம் இல்லாத தெரு என்று ஒன்றை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அன்றைக்கு அந்தத் தெரு கப்சிப் என்று இருந்தது. கரண்ட் இல்லையா என்று ஒரு வீட்டு வாசலில் நின்ற அம்மாளிடம் கேட்டேன்.

"கரண்டெல்லாம் கீது சார். டீச்சருக்குப் பரீட்ச நடக்குது, அதான் எல்லாரும் நிறுத்திகினு இருக்கோம்" என்றார்.

உங்களுக்கு இதைக் கேட்டால் நெகிழ்ச்சியாக இருக்கும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஒரு தெருவே சேர்ந்து ஒத்துழைக்கிறது என்றால் வேறு எதற்கெல்லாம் ஒத்துழைக்கும் என்று தோன்றியது.

முன் அறையில் மேசை, கணினி, ஒரு நாற்காலி. எனக்கு மூலையில் இன்னொரு நாற்காலி. இடது பக்கம் பின்கட்டுக்குப் போகிற வாசலில் ஒரு புடவையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அங்கே என்ன என்று கேட்டேன்.

"தறிக் கொட்டாய் சார்."

"யாராவது இருக்காங்களா?"

"இந்த ரூம்ல யாரும் இல்ல சார்" என்றார் டீச்சர். இந்த ரூமில் என்பதை அவர் அழுத்திச் சொன்ன மாதிரி எனக்குப் பட்டது. எழுந்து போய்த் திரையை விலக்கிப் பார்த்திருக்கலாம். நான்கே அடி. அதற்குள் கணினியில் மூன்று முகங்கள் வந்துவிட்டன, மூவருமே வெளிநாட்டவர்கள். இந்த நேரத்தில் எழுந்து நடந்தால் மரியாதை இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதல் கேள்வி வந்தது. டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. உதடு மட்டும் முணுமுணுத்தது. பிறகு கண் இடது பக்கம் அந்தப் புடவைத் திரைக்குப் போனது. பிறகுதான் பதில் வந்தது. நல்ல பதில். இரண்டாவது கேள்விக்கும் அதே மாதிரி. மூன்றாவதுக்கும். நான் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்து பார்த்தேன். புடவைக்கும் நிலைக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி. அதில் ஒரு ஆணின் முழங்கால் தெரிந்தது.

எனக்கு ரத்தம் சூடேறியது. சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம். நான் நினைத்தது சரி என்று ஆகும்போது வருகிற சந்தோஷம் அது. அதைவிட மோசமான போதை நம் தொழிலில் கிடையாது.

பாதித் தேர்வில், மூவரில் கடுமையானவர் ஒரு கேள்வி கேட்டார். பெற்றோர் வந்ததற்குக் கூட்டம் வைத்த நாள்தான் காரணம் என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள், நீங்கள் அவர்கள் ஊர்க்காரர் என்பதால் வந்திருக்கலாமே என்றார். டீச்சர் பதிலை ஆரம்பித்தார். நான்கு வாக்கியம் போயிருக்கும். புடவை இடுக்கில் ஒரு கை மேலே உயர்ந்தது. டீச்சர் சட்டென்று நிறுத்தினார். கை இறங்கியது. டீச்சர் மறுபடி முதலிலிருந்து, வேறு மாதிரி, சுருக்கமாகச் சொன்னார். கேட்டவர் தலையை ஆட்டினார்.

அதன் பிறகு நான் எதையும் கவனிக்கவில்லை. மனதுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

தேர்வு முடிந்ததும் டீச்சர் எழுந்து, "எப்படி சார் போச்சு?" என்று கேட்டார். முகமெல்லாம் வியர்வை. நான் சொல்லக் கூடாதும்மா என்று சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். அங்கே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். புடவைத் திரைக்குப் பின்னால் ஒரு ஆண் இருந்தார். தேர்வர் ஒவ்வொரு கேள்விக்கும் அந்தப் பக்கம் பார்த்த பிறகே பதில் சொன்னார். ஒருமுறை அவர் கை காட்டியதும் சொல்லிக்கொண்டிருந்த பதிலை மாற்றினார். படம் எடுத்து அனுப்பினேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அந்த மூன்று வரியிலும் பொய் இல்லை. இன்றைக்கும் அதில் ஒரு எழுத்தை யாரும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் நான்காவதாக ஒரு வரி வந்திருக்க வேண்டும். அந்த ஆள் அங்கே என்ன செய்தார் என்று நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை என்ற வரி. அது இல்லாததால் மற்ற மூன்றும் சேர்ந்து ஒரு பெண்ணின் ஐந்து வருடத்தைக் கழுத்தைப் பிடித்து நெரித்தன.

பத்து நாளில் பல்கலைக்கழகத்திலிருந்து மெயில் வந்தது. முடிவு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, நேர்மை குறித்து விசாரணை நடக்கும் என்று. மெயில் டீச்சருக்கு வந்தது, நகல் தாளாளருக்கு. அன்று மாலைக்குள் ஐந்து பள்ளிக்கும் தெரிந்துவிட்டது. பூதக்கண்ணாடி பிடித்துவிட்டார் என்று பியூன் வரைக்கும் பேசினார்கள். நான் அதை மறுக்கவில்லை.

மறுநாள் டீச்சர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இன்னா சார் எழுதனீங்க?"

"அது ரகசியம்மா. சொல்ல முடியாது."

"சரி சார். என்னைக் கேட்டிருக்கலாமே? அங்கதானே இருந்தேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அழவில்லை. நாற்காலியை உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனார். நடிப்பு என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் முனிரத்தினம் வந்தார். நான் அவருடைய முழங்காலையும் கையையும்தான் பார்த்திருந்தேன், முகம் அன்றைக்குத்தான் பார்த்தேன். கையில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து ஒரு கறுப்பு டப்பாவை எடுத்து என் மேசையில், கோப்புகளுக்கு நடுவில் வைத்தார். இன்டர்நெட் மோடம்.

"இதத்தான் சார் பாத்துகினு இருந்தேன்" என்றார்.

"எதுக்கு?"

"போன வருஷம் இவங்களுக்கு ஒரு செமினாரு வச்சாங்க சார், இதே மாதிரி ஸ்கிரீன்ல. இவங்க பேசிகினே இருந்தாங்க, பத்து நிமிசம். அவங்க மூஞ்சியெல்லாம் ஸ்கிரீன்ல அப்டியே கீது, சிரிச்சினு. கேக்கறாங்கன்னு நெனச்சோம். லைன் எப்பவோ பூட்சி சார். செவுத்துகிட்ட பேசிகினு இருந்தாங்க. அப்பால பாத்தா, பதில் சொல்லத் தெரியலன்னு எழுதி அனுப்பிட்டாங்க. ஆறு மாசம் போச்சு. அதான் இந்தவாட்டி நான் பொட்டிகிட்ட குந்திகினேன். கேபிள்காரன் கொட்டாயிலதான் ஒயர் இழுத்துகிறான். பச்ச லைட்டு இருந்தா சும்மா இருப்பேன். சிவப்பு வந்தா கையத் தூக்குவேன். அவங்க ஒவ்வொரு பதிலுக்கும் முன்னாடி என்னப் பாத்துக்குவாங்க. தறில ஒருத்தர் எழயப் பாத்துகினே இருப்போம்ல சார், அந்த மாதிரிதான்."

"உதடு முணுமுணுத்துச்சே?"

"அவங்க எந்தக் கேள்வியா இருந்தாலும் முதல்ல தெலுங்குல சொல்லிப் பாத்துக்குவாங்க சார். கடையில கணக்குக் கேட்டாகூட அப்டித்தான்."

நம்பத் தகுந்த பதில். நம்பத் தகுந்த பதில் என்றாலே எனக்கு ஆகாது. மோடத்தை யார் வேண்டுமானாலும் பையில் போட்டுக் கொண்டுவரலாம். அவரை எதற்கும் சோதித்துப் பார்க்கலாம் என்று, "உங்க சம்சாரம் என்ன ஆராய்ச்சி பண்ணாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். எட்டாவது வரை படித்தவர், தெரியாது என்பார், அதோடு முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"தெரியும் சார்" என்றவர் ஆரம்பித்தார். பெற்றோர் கூட்டம், பாவு பிணைக்கிற நாள், எந்தத் தெருவில் யார் என்ன சொன்னார்கள், எதிர்க்கேள்வி வந்தால் என்ன சொல்வது எல்லாம். அந்தக் கடுமையான கேள்விக்குக்கூட அவரிடம் பதில் இருந்தது. டீச்சர் போகாமல், அவர் ஊர்க்காரரே இல்லாத வேறு பள்ளியிலும் கூட்டத் தேதியை மாற்றிப் பார்த்தார்களே, அங்கேயும் வந்தார்களே என்றார். அப்படியே தேர்வில் டீச்சர் சொன்னது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஆளால் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்!

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அஞ்சு வருஷமா தறி பக்கத்துல நின்னுகினு எனக்குத்தான சார் சொல்லிக் காட்டுவாங்க? தறிச் சத்தத்துல கேக்கலன்னா மறுக்கா சொல்லுவாங்க. எனக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்னு. நான் புரியலன்னு சொல்லி ஒரு அத்தியாயத்தயே மூணு தடவ மாத்தி எழுதனாங்க. அப்பதான் ரொம்பக் கஷ்டப்பட்டாங்க, படிப்பே வேணாம் பாவான்னாங்க. பாவான்னா எங்க தெலுங்குல புருசன் சார்."

எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு முழித்தீர்கள் என்ற என் பேர்போன கேள்வியை ஊருக்கெல்லாம் கேட்ட நான், சுகுணா டீச்சரிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்காமலே பதில் மேசைக்கு வந்துவிட்டது.

இருந்தாலும் உறைத்தது வேறு, நம்பியது வேறு. இங்கேதான் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. பரிதாபப்பட்டு ஒருவரை நம்புவதும், எரிச்சல்பட்டு ஒருவரைச் சந்தேகப்படுவதும் ஒரே சோம்பேறித்தனம்தான். இரண்டிலும் நாம் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. அன்று மாலையே பல்கலைக்கழகத்துக்கு ஒரு மெயில் எழுதினேன். தேர்வு நடந்தபோது தேர்வரின் இணைப்பு எங்கேயாவது அறுந்ததா, அறுந்திருந்தால் எந்த நிமிடத்தில், எத்தனை நொடி என்று. அது அவர்களிடம் தானாகவே பதிவாகியிருக்குமாம். நான் அன்றைக்குக் கை உயர்ந்த நேரத்தை என் வழக்கப்படி நிமிடத்தோடு குறித்து வைத்திருந்தேன், பிடிப்பதற்காக.

நான்கு நாளில் பதில் வந்தது. ஒரே ஒரு முறை அறுந்திருக்கிறது. பன்னிரண்டு நொடி. நான் குறித்து வைத்திருந்த அதே நிமிடம்.

அந்த மெயிலை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக ஒரு தாளில் தப்பு இருக்காதா என்று கெஞ்சிக்கொண்டு தேடினேன். இல்லை.

என் அறிக்கை தவறு என்று எழுத வேண்டியதுதான் பாக்கி. ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. பக்கத்து மேசைக்காரர், "விடுங்க சார், அவங்களே விசாரிச்சுக் கண்டுபிடிக்கட்டும், நீங்க எழுதினது எல்லாம் உண்மைதானே" என்றார். உண்மைதான். அந்த உண்மைதான் என்னை இரண்டு நாள் எழுத விடாமல் பிடித்து வைத்தது. இரண்டு நாள் என்பது குறைவு என்று நீங்கள் நினைக்கலாம். அந்த இரண்டு நாளில்தான் தாளாளர் நேர்காணலை முடித்து, வெளியாளுக்கு இயக்குநர் பதவியைக் கொடுத்து உத்தரவு போட்டார். என் கடிதம் முன்னால் போயிருந்தாலும் அந்தப் பதவி டீச்சருக்குக் கிடைத்திருக்குமா என்று தெரியாது. நான் தெரிந்துகொள்ள முயற்சி செய்யவும் இல்லை. எனக்குப் பயம்.

கடிதம் எழுதினேன். தாளாளருக்கு ஒரு நகல் வைத்தேன். டீச்சரிடம் நேரில் போய்ச் சொன்னேன். நான் தப்புப் பண்ணிட்டேம்மா என்றேன். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஆங் சார் என்றார். அவ்வளவுதான்.

பல்கலைக்கழகம் டீச்சர் மேல் தவறு இல்லை என்று முடிவு சொல்லிவிட்டது, ஆனால் விதிப்படி வாய்மொழித் தேர்வை மறுபடி நடத்த வேண்டும் என்றது. சாட்சியாக வேறு ஆளைப் போடலாம் என்று தாளாளர் டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டார். நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"வேணாம் சார். இவரையே அனுப்புங்க. இவரே சரின்னு சொல்லிட்டா அப்புறம் ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க" என்றார். அது பாராட்டா, குத்தலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

என் கடைசி வேலை வாரத்தில் மறுபடி அந்தத் தெருவில் இறங்கினேன். தறி எல்லாம் நின்றிருந்தது. முனிரத்தினம் வீட்டிலேயே இல்லை. யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதென்று தெருக்கோடி டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். கேபிள்காரரை வைத்து ஒயரை முன் அறைக்கு இழுத்திருந்தார்கள். மோடம் ஒரு ஸ்டூலில், என் நாற்காலிக்குப் பக்கத்தில்.

"நீங்கதான் பாத்துக்கணும் சார்" என்றார் டீச்சர்.

தேர்வு ஆரம்பித்தது. கேள்வி வரும், உதடு அசையும், பிறகு கண் என்னிடம் வரும். நான் விளக்கைப் பார்த்துத் தலையை ஆட்டுவேன். அவர் பதில் சொல்வார். ஐந்தாறு கேள்வி போனதும் மூவரில் அந்தக் கடுமையானவர் பேச்சை நிறுத்தினார். "நீங்கள் ஒவ்வொரு முறையும் யாரைப் பார்க்கிறீர்கள்? அந்தப் பக்கம் யார் இருக்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். குரலில் இருந்தது என்ன என்று எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? அது என் குரல்.

நான் எழுந்து கேமரா முன்னால் போனேன். நான் சாட்சி, விளக்கைப் பார்ப்பது மட்டும்தான் என் வேலை, வேண்டுமானால் நான் உட்கார்ந்திருப்பது தெரிகிற மாதிரி கணினியைத் திருப்பி வைக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, அப்படியே திருப்பி வையுங்கள்" என்றார். அவர் எழுந்து வந்து பார்க்க முடியாது, பல்லாயிரம் மைல் தள்ளி இருக்கிறார். ஆனால் என்னைப் போல அவர் கேட்காமல், பார்க்காமல் எழுதவில்லை. என் முகம் சிவந்துபோனதை டீச்சர் கவனித்தாரா என்று தெரியாது.

இரண்டு மணி நேரம் கழித்து மூவரும் கலந்து பேச வெளியே போனார்கள். திரை இருட்டாக இருந்தது. டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மூவரும் திரும்பி வந்தார்கள். நடுவில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, டாக்டர் என்று போட்டு அவர் பெயரைச் சொன்னார். வாழ்த்துகள் என்றார்.

டீச்சர் சிரிக்கவில்லை. திரையைப் பார்க்கவும் இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"சார், லைன் இருக்குதா?"

"இருக்குதும்மா. பச்சைதான்."

"நல்லா பாத்துச் சொல்லுங்க சார்" என்றார்.

நான் நாற்காலியிலிருந்து இறங்கி, ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, விளக்குக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்தேன். "பச்சைதாம்மா. நல்லா பாத்துட்டேன்" என்றேன். அதற்குப் பிறகுதான் டீச்சர் அழுதார்.